அமெரிக்காவில் காம்போசிஷன் அண்ட் ரெட்டரிக் எம்.ஏ.: விண்ணப்பம் முதல் தீசிஸ் வரை

ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் காம்போசிஷன் அண்ட் ரெட்டரிக் (எழுத்தும் சொல்வன்மையும்) என்னும் இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது செய்யும் முதல் பிழை, இதுவும் ஓர் இலக்கிய எம்.ஏ. என்று எண்ணிக்கொள்வது. இங்கே நாவலும் கவிதையும் மையப் பாடம் இல்லை. மனிதர்கள் எப்படி எழுதுகிறார்கள், எழுத எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள், ஒரு வாதம் கேட்பவரை எதனால் இணங்க வைக்கிறது என்பவைதான் பாடம். 1885-இல் ஹார்வர்டு தன் முதலாண்டு மாணவர்களுக்கு எழுத்து வகுப்பைக் கட்டாயமாக்கியது. இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் அப்படி ஒரு வகுப்பு உண்டு. அதை நடத்துவோருக்கு வேண்டிய அறிவாகத்தான் இந்தத் துறை வளர்ந்தது. அதனால் விண்ணப்பத்தின் ஒவ்வொரு தாளிலும் எழுத்தைப் பற்றிய, கற்பித்தலைப் பற்றிய உங்கள் கேள்வி தெரியவேண்டும்.

பெரும்பாலும் ஆங்கிலத் துறைதான் இதை நடத்தும். சிரக்யூஸ் போன்ற சில இடங்களில் எழுத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. எங்கே விண்ணப்பித்தாலும், கட்டணம் கட்டுமுன் துறையில் முதுகலைப் படிப்புகளைக் கவனிக்கும் கிராஜுவேட் டைரக்டருக்கு மின்னஞ்சல் அனுப்பி ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: மூன்றாண்டு பி.ஏ.வை ஏற்பீர்களா? நான்காண்டு இளங்கலைதான் வேண்டும் என்று சொல்லும் பல்கலைக்கழகங்கள் பல. அங்கே நம் மூன்றாண்டுப் பட்டத்தோடு இந்திய எம்.ஏ.வும் இருந்தால் பெரும்பாலும் வழி திறக்கும்.

கேட்கும் தாள்கள் ஏறக்குறைய எங்கும் ஒன்றே: எல்லா செமஸ்டருக்கும் மதிப்பெண் பட்டியல், மூன்று பரிந்துரைக் கடிதங்கள், டோஃபல் அல்லது ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், எஸ்.ஓ.பி. (ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று சொல்லும் நோக்கக் கடிதம்), எழுத்து மாதிரி. ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வை இப்போது பல துறைகள் கேட்பதில்லை. மூடி முத்திரையிட்ட டிரான்ஸ்கிரிப்டை நம் பல்கலைக்கழகத்தில் வாங்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அதை முதலில் தொடங்குங்கள். கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் விழும். வகுப்பு தொடங்குவது ஆகஸ்டில்.

எஸ்.ஓ.பி.க்கு இரண்டு பக்கம் போதும். “சிறுவயது முதலே எனக்கு ஆங்கிலத்தின் மீது தீராத காதல்” என்று தொடங்கும் கடிதங்களைச் சேர்க்கைக் குழு நூற்றுக்கணக்கில் படித்திருக்கும். இப்படி எழுதிப் பாருங்கள்: “தமிழ்வழியில் படித்த முதலாண்டு மாணவர்கள் ஆங்கிலக் கட்டுரையில் தங்கள் முடிவைக் கடைசிப் பத்தி வரை சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். இது பிழையா, வேறொரு எழுத்து மரபா என்று ஆராய விரும்புகிறேன்.” இதில் மாணவர் யார் என்பதும், கண்ணில் பட்டது என்ன என்பதும், ஆராயத்தக்க கேள்வி எது என்பதும் தெரிகின்றன. நீங்களே கண்ட ஒன்றாக இருக்கவேண்டும் என்பதுதான் முக்கியம்.

எழுத்து மாதிரி பத்து முதல் இருபது பக்கம். எம்.ஏ. ப்ராஜெக்டை அப்படியே வெட்டி ஒட்டினால் பத்துப் பக்கத்துக்குக் கதைச்சுருக்கம்தான் இருக்கும். வாதம் உள்ள ஒரு பகுதியை எடுத்து, தனியாக நிற்கும் கட்டுரையாகத் திருத்தி எழுதுங்கள். சரிபார்க்க நன்னூல் பாயிரத்தின் பத்துக் குற்றங்களைவிட நல்ல பட்டியல் கிடைப்பது கடினம். கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் ஆகிய நான்கும் விண்ணப்பக் கட்டுரைகளில் அதிகம் தென்படும். முதல் மூன்று பக்கம் உறுதியாக இருந்து பன்னிரண்டாம் பக்கத்தில் மேற்கோள்களாக வடிந்துபோவதுதான் சென்று தேய்ந்து இறுதல். (வெவ்வேறு பண்பாடுகளின் சொல்வன்மை மரபுகளை ஒப்பிடுவது இத்துறையில் ஓர் ஆய்வுப் பிரிவு. நன்னூலும் தண்டியலங்காரமும் உங்கள் கையில் இருப்பது அங்கே பெரும் பலம்.)

பணம்

டீச்சிங் அசிஸ்டன்ட்ஷிப் (படித்துக்கொண்டே முதலாண்டு எழுத்து வகுப்பில் கற்பிக்கும் துறை வேலை) இல்லாமல் போவது பெருஞ்செலவு. அது கிடைத்தால் கல்விக்கட்டணம் முழுதாகவோ பெரும்பகுதியோ தள்ளுபடியாகி, மாத உதவித்தொகையும் வரும். சில இடங்களில் இதற்குத் தனிப் படிவம் உண்டு. அதை நிரப்பத் தவறினால் சேர்க்கை வரும், பணம் வராது. வகுப்பெடுக்க டோஃபல் பேச்சுப் பகுதியில் தனியான குறைந்தபட்ச மதிப்பெண்ணும் கேட்பார்கள். தென்மாநிலங்களில் பல கல்லூரிகள், அத்துறையில் 18 முதுகலை கிரெடிட் (பாட அலகு) முடித்த பிறகுதான் வகுப்பை உங்கள் பொறுப்பில் தரும். அதுவரை, மாணவர்களின் கட்டுரைகளுக்கு உதவும் எழுத்து மையத்தில் வேலை இருக்கும். நிதியுதவி அழைப்பு வந்தவுடன் அவசரப்பட வேண்டாம்: ஏப்ரல் 15 உடன்படிக்கையில் சேர்ந்த பல்கலைக்கழகங்கள் அந்தத் தேதிக்கு முன் பதிலைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

எஃப்-1 மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாக வேலை வாரம் 20 மணிக்கு மேல் கூடாது. கட்டுரை திருத்துவதில் இந்த நேரம் எங்கே போகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு வகுப்பில் 20 பேர், ஒரு கட்டுரைக்கு 20 நிமிடம் என்றால், ஒரு சுற்றுக்கே 6 மணி 40 நிமிடம். புதியவர்கள் ஒவ்வொரு இலக்கணப் பிழையையும் சிவப்பில் வட்டமிட்டு நாற்பது நிமிடம் ஆக்கிக்கொள்கிறார்கள். மாணவர் அந்த வட்டங்களைத் திருத்துவார், வாதம் அப்படியே இருக்கும். இரண்டு அல்லது மூன்று குறிப்புகள் மட்டும் எழுதுங்கள். “தெளிவில்லை” என்பது குறிப்பே அல்ல, “இரண்டாம் பத்தியில் கட்டணம் உயர்ந்தது என்கிறீர்கள், நான்காம் பத்தியில் குறைந்தது என்கிறீர்கள். எந்த ஆண்டைச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டால் மாணவருக்கு அடுத்து செய்யவேண்டியது தெரியும்.

பட்டத்துக்கு வேண்டியவை

மொத்தம் 30 முதல் 36 கிரெடிட், ஒரு பாடம் 3 கிரெடிட், நான்கு செமஸ்டர். எழுத்துக் கோட்பாடு, அரிஸ்டாட்டில், சிசரோ, குவின்டிலியன் வழியாக வரும் ரெட்டரிக் வரலாறு, ஆய்வு முறைகள், கற்பித்தல் பயிற்சி ஆகியவை பெரும்பாலும் கட்டாயம். மற்றவை உங்கள் விருப்பம். மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. 3.0-க்குக் கீழே இறங்கினால் அசிஸ்டன்ட்ஷிப்புக்கு ஆபத்து. அந்நிய மொழித் தேர்வு கேட்கும் துறையில், தமிழை ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

முடிவில் தீசிஸ், தேர்வு, போர்ட்ஃபோலியோ என்று துறைக்குத் துறை வழி மாறும். பிஎச்.டி. எண்ணம் இருந்தால் தீசிஸ் எடுங்கள். அது பெரும்பாலும் 6 கிரெடிட், மூன்று பேர் கொண்ட குழு. இரண்டாம் செமஸ்டர் முடிவதற்குள் வழிகாட்டியைப் பிடித்து, மூன்றாவதில் ஆய்வுத் திட்டத்தை ஒப்புதல் வாங்கிவிடவேண்டும்.

பலர் மாட்டிக்கொள்வது ஐ.ஆர்.பி. அனுமதியில். மாணவர்களின் கட்டுரைகளையோ பேட்டிகளையோ ஆய்வுக்கு எடுப்பதென்றால், மனிதர்கள் மீதான ஆய்வுக்குரிய அந்தக் குழுவிடம் முன்பே விண்ணப்பிக்கவேண்டும். அனுமதிக்கு முன் சேகரித்த எதையும் பொதுவாகத் தீசிஸில் பயன்படுத்த முடியாது. உங்கள் சொந்த வகுப்பு மாணவர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: மதிப்பெண் போடுபவரே ஒப்புதல் கேட்டால் அவர்களால் மறுக்க முடியாது. ஒப்புதல் படிவத்தை வேறொருவர் வாங்கி, இறுதி மதிப்பெண் பதிவான பிறகே உங்களிடம் தருவதாகத் திட்டத்தில் எழுதுங்கள்.

கடைசி செமஸ்டரில் ஓ.பி.டி.யை (படிப்புக்குப் பின் அமெரிக்காவில் வேலை செய்ய எஃப்-1 மாணவருக்குக் கிடைக்கும் அனுமதி) மறக்காதீர்கள். படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்து 60 நாள் வரை விண்ணப்பிக்கலாம். இத்துறை பொதுவாக ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் வராததால் 12 மாதம்தான் கிடைக்கும்; கல்லூரிகள் அடுத்த ஆகஸ்டுக்கான ஆசிரியர் தேர்வைப் பல மாதம் முன்பே தொடங்கிவிடும் என்பதை வைத்து உங்கள் தேதியைக் கணக்கிடுங்கள்.