பொருளியலாளர் சங்கத்தில் சேர்ந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சங்க உறுப்பினர் என்பதைத் தகுதிச் சான்றாக நினைப்பதுதான் முதல் தவறு. 1885-இல் தொடங்கிய அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தில் சந்தா கட்டி யார் வேண்டுமானாலும் சேரலாம். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் பதிவு கொடுக்கும் மன்றம் போன்றது அல்ல அது. தன்விவரக் குறிப்பில் அந்த ஒரு வரி ஆர்வத்தைக் காட்டும், அவ்வளவுதான்.

சங்கத்தின் ஆய்விதழில் வந்த கட்டுரையைக் காட்டி "சங்கமே சொல்லிவிட்டது" என்று வாதாடுவதும் தவறு. நடைமுறைப் பொருளாதாரப் பிரச்சினை எதிலும் உறுப்பினர்களை ஒரு நிலைப்பாட்டில் கட்டிப்போடுவதில்லை என்பது சங்கத்தின் விதி. கட்டுரைக்கு எழுதியவரே பொறுப்பு.

அப்புறம் வேலை தேடும் இடம். இளம் ஆய்வாளருக்குச் சங்கம் தரும் மிகப் பெரிய உதவி இதுதான் என்பேன். முனைவர் பட்டம் முடிக்கிறவர்கள் பலர் ஒரே பருவத்தில், ஒரே பட்டியலைப் பார்த்து, ஏராளமான இடங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள். உண்மையில் யாருக்குத் தங்கள்மேல் விருப்பம் என்று பல்கலைக்கழகத் துறைகளுக்குத் தெரிவதில்லை. அதற்காகவே ஒவ்வொருவரும் அதிகபட்சம் இரண்டு துறைகளுக்கு 'சிக்னல்', அதாவது உங்கள்மேல் எனக்குத் தனி விருப்பம் என்ற குறிப்பு, அனுப்பச் சங்கம் வழிசெய்திருக்கிறது. பலர் அந்த இரண்டையும் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்கே அனுப்பி வீணாக்குகிறார்கள். அங்கே எல்லோருக்கும்தான் ஆசை. சிக்னல் புதிதாக எதையும் சொல்லாது. "இவர் இங்கே எங்கே வரப்போகிறார்" என்று நினைத்து உங்களை ஒதுக்கிவிடக்கூடிய, ஆனால் நீங்கள் மனதார விரும்பும் துறைக்கு அனுப்புங்கள். நேர்காணலுக்குக் கூப்பிட அது ஒரு காரணமாகும்.

தரவையும் அதைக் கணக்கிட்ட கணினி நிரல்களையும் கடைசி நேரத்துக்குத் தள்ளிவைப்பது இன்னொரு தவறு. சங்கத்தின் இதழ்களில் கட்டுரை இறுதியாக ஏற்கப்படுவதற்கு முன் தரவு ஆசிரியர் குழு அவற்றைச் சரிபார்க்கும். நிரலில் உங்கள் கணினியின் கோப்புறை முகவரியை அப்படியே எழுதியிருந்தால், வேறு கணினியில் முதல் வரியிலேயே நின்றுவிடும். அட்டவணை 3 எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று குறிக்காவிட்டால், அதைத் தேடவே அவர்களுக்கு நேரம் போகும். ஆய்வு தொடங்கும் நாளிலேயே இந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்குவது நல்லது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆய்வோடு தொடர்புள்ள தரப்பிடமிருந்து கடந்த 3 ஆண்டுகளில் மொத்தம் 10,000 டாலரோ அதற்கு மேலோ பெற்றிருந்தால் அதைக் கட்டுரை எழுதியவர்கள் தெரிவிக்க வேண்டும். ஒன்றும் வாங்கவில்லை என்றால் சும்மா விட்டுவிடாமல், வாங்கவில்லை என்பதையும் எழுதித்தர வேண்டும்.