ஹெச். பைலோரி குளிசை போடும் நாட்களில் தயிர் எப்போது?

ஹெச். பைலோரி (ஹெலிகோபக்டர் பைலோரி) என்ற வயிற்றுக் கிருமிக்கு மருந்து எடுக்கிறீர்களா? தினமும் ஒரு கப் தயிரோ யோகட்டோ சாப்பிடுங்கள், ஆனால் அன்டிபயோட்டிக் குளிசை போட்டு 2 மணித்தியாலம் கழித்து. விலை கூடிய புரோபயோட்டிக் (நல்ல பக்டீரியா அடங்கிய) கெப்சூலை வைத்தியர் எழுதித் தராவிட்டால் தேடி வாங்க வேண்டாம், வெள்ளவத்தைக் கடைகளில் கிடைக்கும் சட்டித் தயிரே போதும், கித்துள் பாணி கொஞ்சம் விட்டாலும் பரவாயில்லை.

அமொக்சிசிலின், கிளாரித்ரோமைசின் போன்ற அன்டிபயோட்டிக்குகள் ஹெலிகோபக்டர் பைலோரியோடு குடலில் உள்ள நல்ல பக்டீரியாக்களையும் அழிப்பதால்தான் பலருக்கு வயிற்றோட்டம் வருகிறது. தயிரில் உள்ள உயிருள்ள பக்டீரியாக்கள் அதை ஓரளவு குறைக்கக்கூடும், குளிசையோடு சேர்த்தே சாப்பிட்டால் அவையும் செத்துப்போகும், அதனால்தான் அந்த இடைவெளி. வயிற்றோட்டத்துக்குப் பயந்து 14 நாள் மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி தப்பிவிடும், அப்புறம் அதே மருந்து கேட்காமல் போகலாம்.

உங்கள் மருந்தில் டெட்ராசைக்ளின் என்ற அன்டிபயோட்டிக் இருந்தால் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம்: பாலின் கல்சியம் அதை உடம்பில் சேரவிடாது, தயிர் நேரத்தைப் பாமசியில் கேட்டே முடிவுசெய்யுங்கள். பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் இது சரிவராது.