1960களின் தொடக்க ஜாஸ், சோல், பாப் ஆல்பங்கள்: கேட்கப் பழக ஒரு செய்முறை

1960 முதல் 1964 வரை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வெளியான ஆல்பங்களில் பெரும்பாலானவை ஒரே முறையில் உருவானவை. கலைஞர்கள் ஒரே அறையில் கூடி, ஒரே நேரத்தில் வாசித்தார்கள். ஒலிநாடாவில் ஒலியைத் தனித்தனியே பதிக்க இரண்டு அல்லது மூன்று தடங்கள்தான் இருந்தன. பாடகர் தனியாக ஒரு நாள், டிரம்ஸ் கலைஞர் தனியாக இன்னொரு நாள் என்று பிரித்துப் பதிவுசெய்யும் வசதி அப்போது பரவலாக இல்லை. அதனால் இந்த ஆல்பங்களில் இசையோடு சேர்ந்து அந்த அறையும் பதிவாகியிருக்கிறது. யார் எங்கே நிற்கிறார், யாருக்கு யார் வழிவிடுகிறார் என்பதைக் காது பிடித்துக்கொண்டால் போதும். ஜாஸ் புரியாது என்ற தயக்கம் தானாகக் கழன்றுவிடும். வரலாற்றைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் அறையைக் கேட்போம்.

படி 1: கருவி

விலை உயர்ந்த எதுவும் தேவையில்லை. இரண்டு காதிலும் சரியாகப் பொருந்தும் சாதாரண ஹெட்போன் போதும். கைபேசியின் ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள். அதில் டபுள் பாஸ், அதாவது நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய, தாழ்ந்த ஒலியுள்ள தந்திக் கருவி, ஏறக்குறைய மறைந்துவிடும். டபுள் பாஸ் கேட்காவிட்டால் ஜாஸின் பாதி போய்விடும். செயலியில் தாழ்ந்த ஒலியை (பாஸ்) செயற்கையாகக் கூட்டும் வசதி, சரவுண்ட் விளைவு, பாடல்களைக் கலைத்துப் போடும் வசதி ஆகியவை இருந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

படி 2: எந்தப் பதிப்பு?

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்த இடத்தைப் பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958இல் கடைகளுக்கு வந்தன. அதன்பின் சுமார் பத்து ஆண்டுகளுக்கு ஒரே ஆல்பம் மோனோ (இரு காதிலும் ஒரே ஒலி), ஸ்டீரியோ (இடம், வலம் எனப் பிரிந்த ஒலி) என இரண்டு தட்டுகளாக விற்பனையானது. இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்காது. பாப் இசையை வாங்கிய இளைஞர்களில் பலரிடம் மோனோ கருவிதான் இருந்தது. எனவே தயாரிப்பாளர்கள் மோனோவுக்கே அதிக உழைப்பைச் செலுத்தினார்கள்.

நான் பரிந்துரைக்கும் எளிய விதி: ஜாஸை ஸ்டீரியோவில் கேளுங்கள், பாப்பை மோனோவில் கேளுங்கள். சோல், அதாவது கறுப்பின அமெரிக்கர்களின் உணர்ச்சி ததும்பும் பாட்டு வகை, இரண்டிலும் நன்றாகவே இருக்கும். பழைய தட்டு வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மோனோ பதிவை மின்னணு முறையில் ஸ்டீரியோவாக மாற்றியதாக அட்டையில் எழுதியிருந்தால் அதை வாங்க வேண்டாம். செயற்கையான அந்தப் பிரிப்பு, அறையையே குலைத்துவிடும்.

இணையத்தில் கிடைக்கும் மறுபதிப்புகளில் இறுதியில் கூடுதல் பதிவுகள் சேர்க்கப்பட்டிருக்கும். மூல இசைத்தட்டின் பாடல் வரிசையைத் தேடி எடுத்து, அது முடியும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 நிமிடம் என்ற கணக்கை மனத்தில் வைத்தே அந்த வரிசையை அமைத்தார்கள். முதல் பக்கம் முடிந்ததும் சற்று இடைவெளி விடுங்கள்.

படி 3: மூன்று பேர், ஒரு நிலவறை

முதல் ஆல்பம் பில் எவான்ஸ் மூவர் குழுவின் 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. நியூயார்க்கில் வில்லேஜ் வேன்கார்டு என்னும் நிலவறை இசைக்கூடம் இருக்கிறது. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, அங்கே பிற்பகலில் இரண்டு, இரவில் மூன்று என ஐந்து முறை இந்தக் குழு வாசித்தது. அத்தனையும் பதிவாயின. பியானோவில் எவான்ஸ், டபுள் பாஸில் ஸ்காட் லஃபேரோ, டிரம்ஸில் பால் மோஷியன்.

முதல் உருப்படியான 'மை ஃபூலிஷ் ஹார்ட்' மட்டும் போதும். அதை நான்கு முறை கேளுங்கள். முதல் முறை பியானோவோடு போங்கள். இரண்டாம் முறை பியானோவை விட்டுவிட்டு லஃபேரோவை மட்டும் பின்தொடருங்கள். அவர் வெறும் தாளத்துக்குத் துணையாக நிற்பவர் அல்லர். எவான்ஸ் ஒரு வாக்கியம் சொன்னால் அதற்குப் பதில் சொல்கிறார், சில இடங்களில் பதிலே சொல்லாமல் காத்திருக்கிறார். மூன்றாம் முறை மோஷியன். குச்சிக்குப் பதிலாகக் கம்பித் தூரிகையால் டிரம்ஸைத் தேய்க்கும் ஓசையைத் தேடுங்கள். நான்காம் முறை இசையை விட்டு வெளியே வாருங்கள். கண்ணாடிக் கோப்பைகள் உரசுகின்றன, யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். உலகின் மிக நுட்பமான இசைகளில் ஒன்று ஒலித்துக்கொண்டிருக்க, கூடத்தில் சிலர் அதைக் கவனிக்கவே இல்லை!

பதினோரு நாட்களுக்குப் பின் லஃபேரோ கார் விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 25. அதன் பிறகு, அவருடைய வாசிப்பு மேலோங்கி நிற்கும் பதிவுகளை முதலில் தேர்ந்தெடுத்து 'சண்டே அட் தி வில்லேஜ் வேன்கார்டு' என்று வெளியிட்டார்கள். எஞ்சியவற்றிலிருந்து 'வால்ட்ஸ் ஃபார் டெபி' உருவானது. இரண்டையும் கேட்க வேண்டும்.

படி 4: விரல் கணுக்களில் ப்ளூஸ்

அடுத்து ஆலிவர் நெல்சனின் 'தி ப்ளூஸ் அண்ட் தி ஆப்ஸ்ட்ராக்ட் ட்ரூத்'. இது 1961 பிப்ரவரி 23 அன்று நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் பதிவானது. கண் பரிசோதகராகத் தொழில் செய்துகொண்டே பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் ஒலிப்பதிவு செய்துவந்தவர் வான் கெல்டர். 1959இல் உயர்ந்த மரக்கூரையுடன் சொந்த ஸ்டூடியோ கட்டினார். அந்தக் காலத்து ஜாஸின் ஒலியை இவ்வளவு தீர்மானித்த அறை வேறொன்று இல்லை என்பேன்.

முதல் உருப்படி 'ஸ்டோலன் மொமன்ட்ஸ்'. முதலில் குழு முழுவதும் சேர்ந்து மெட்டை வாசிக்கிறது. பிறகு மனோதர்மம். அதில் ஒவ்வொருவரும் சுற்றிவரும் ஆவர்த்தனம் பன்னிரண்டு பகுதிகள் கொண்டது; ப்ளூஸ் இசையின் வழக்கமான வடிவம் இதுதான். ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு எண்ணிக்கை. பெருவிரலை நீக்கினால் ஒரு கையின் நான்கு விரல்களில் பன்னிரண்டு கணுக்கள் இருக்கின்றன அல்லவா? டபுள் பாஸின் நடையோடு நான்கு எண்ணி, ஒவ்வொரு நான்குக்கும் பெருவிரலை ஒரு கணு நகர்த்துங்கள். சுண்டுவிரலின் கடைசிக் கணுவை எட்டும்போது ஒரு ஆவர்த்தனம் முடிந்து இசை மீண்டும் தொடங்கிய இடத்துக்குத் திரும்புவதை உணர்வீர்கள். மெட்டு வாசிக்கும் பகுதியின் அளவு வேறு, அதனால் முதல் தனி வாசிப்பு தொடங்கும் இடத்திலிருந்து எண்ணுங்கள்.

தனி வாசிப்பின் வரிசை: டிரம்பெட்டில் ஃப்ரெடி ஹப்பர்டு, புல்லாங்குழலில் எரிக் டால்ஃபி, டெனார் சாக்ஸபோனில் நெல்சன், கடைசியில் பியானோ. பியானோவில் இருப்பவரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவர்தான் பில் எவான்ஸ். வேன்கார்டு ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு மாதம் முன்பு வாசித்தது இது.

இதே ஸ்டூடியோவில் 1964 டிசம்பரில் பதிவான, சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' ஆல்பத்தைத்தான் பலர் முதலில் கேட்கச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அது வழிபாடு. அதற்கு முன் கணுக்களில் எண்ணப் பழகியிருப்பது நல்லது.

படி 5: ஒரே பாடகர், இரண்டு அறைகள்

சோல் இசைக்குப் பாடகர் சாம் குக்கிடம் போவோம். 1963 ஜனவரி 12 அன்று மயாமியின் ஹார்லெம் ஸ்கொயர் கிளப்பில் அவர் பாடியதைப் பதிவுசெய்தார்கள். அடுத்த மாதமே லாஸ் ஏஞ்சலிஸில் 'நைட் பீட்' ஆல்பத்துக்காக ஸ்டூடியோவில் பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 'நைட் பீட்'டில் குரல் உங்கள் காதருகே இருக்கிறது. பின்னால் மெல்ல ஒலிக்கும் ஆர்கன் என்னும் விசைப்பலகைக் கருவியை வாசித்தவர் 16 வயது பில்லி பிரெஸ்டன். மயாமியில் அதே குரல் கரகரத்து, கூட்டத்தைத் தூக்கி நிறுத்துகிறது. இசைத்தட்டு நிறுவனத்துக்கு அந்த மயாமிப் பதிவு மிகவும் முரட்டுத்தனமாகத் தோன்றியதால் அது 1985 வரை வெளிவரவில்லை. குக் 1964 டிசம்பரிலேயே இறந்துவிட்டார்.

அடுத்தது ஜேம்ஸ் பிரவுனின் 'லைவ் அட் தி அப்பல்லோ'. 1962 அக்டோபர் 24, நியூயார்க்கின் அப்பல்லோ அரங்கம். தெரிந்த பாடல்களையே மேடையில் பாடியதை யார் வாங்குவார்கள் என்று நிறுவனத் தலைவர் தயங்க, பிரவுன் சொந்தப் பணத்தில் பதிவுசெய்தார். இங்கே கவனிக்க வேண்டியது பார்வையாளர்களை. 'லாஸ்ட் சம்ஒன்' பாடலில் அவர் ஒரு சொல்லை இழுக்கிறார், கூட்டம் அலறுகிறது, அந்த அலறலை வைத்துக்கொண்டு அடுத்த சொல்லை எடுக்கிறார். அது பத்து நிமிடத்துக்கும் மேல் நீள்வதால் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்காமல் மறுபக்கத்தில் தொடர்ந்தது.

படி 6: ஒரு காதை மூடுங்கள்

1963 பிப்ரவரி 11. லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் பீட்டில்ஸ் ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிவுசெய்தார்கள். முன்பே வந்திருந்த நான்கோடு சேர்த்து 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' ஆல்பம் ஆனது. கருவியில் இரண்டே தடங்கள்: ஒன்றில் குரல்கள், மற்றொன்றில் கருவிகள். அளவு பார்த்து மோனோவாகக் கலப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதையே ஸ்டீரியோவாக வெளியிட்டபோது இடப்பக்கம் கருவிகள், வலப்பக்கம் குரல்கள் என்று ஆனது. இசையை ரசிக்க அது உகந்ததல்ல. ஆனால் பயிற்சிக்கு அதைவிட நல்லது கிடைக்காது.

'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாடலை ஸ்டீரியோவில் போட்டு, வலக்காது ஹெட்போனை எடுத்துவிடுங்கள். கிதாரும் டிரம்ஸும் மட்டும்தான் வர வேண்டும். ஆனால் தூரத்தில் ஜான் லெனனின் குரலும் கேட்கும்! ஒரே அறையில் பாடியதால் அது கருவிகளின் மைக்கிலும் நுழைந்துவிட்டது. அவருக்கு அன்று சளி. குரலைக் கிழிக்கும் பாடல் என்பதால் இதை நாளின் கடைசிக்கு வைத்தார்கள். முதல் முயற்சியே தட்டில் ஏறியது. அக்காலத்தில் ஒட்டுவேலையே கிடையாது என்றும் எண்ண வேண்டாம். இதே ஆல்பத்தின் தொடக்கத்தில் வரும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற கூவல், வேறொரு முயற்சியிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது. இப்போது மோனோவுக்கு மாறி முழு ஆல்பத்தையும் கேளுங்கள்.

இதற்கு நேர்மாறானது லாஸ் ஏஞ்சலிஸின் கோல்டு ஸ்டார் ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் செய்த வேலை. சிறிய அறையில் பல கிதார்கள், பல பியானோக்கள் ஒரே சுரங்களை ஒன்றாக வாசிக்கும். அந்த ஒலியை எதிரொலி அறைக்குள் அனுப்பி எடுப்பார்கள். 1963 நவம்பர் 22 அன்று வந்த அவருடைய கிறிஸ்துமஸ் ஆல்பத்தில் எந்தக் கருவியையும் தனியே பிரிக்க முயன்று பாருங்கள். முடியாது.

படி 7: பெயர்களைப் பிடித்துச் செல்லுங்கள்

ஒவ்வொரு ஆல்பத்தைக் கேட்டதும் வாசித்தவர்களின் பெயர்களை நோட்டில் எழுதுங்கள். ஜாஸ் அட்டைகளில் எல்லாப் பெயர்களும் இருக்கும். டெட்ராய்டின் மோடவுன் என்னும் சோல் இசைத்தட்டு நிறுவனம் அப்படியல்ல. ஜேம்ஸ் ஜேமர்சன் போன்ற பாஸ் மேதையின் பெயரே 1971 வரை அதன் ஆல்பம் அட்டையில் வரவில்லை. அந்தப் பெயரையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது நோட்டைப் பாருங்கள். லஃபேரோ, ஹப்பர்டு, டால்ஃபி மூவரும் அதில் இருக்கிறார்கள். மூவரும் சேர்ந்து வாசித்த ஆல்பம் ஒன்று உண்டு: சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்', 1960 டிசம்பர் 21 அன்று பதிவானது. இரண்டு நால்வர் குழுக்கள் ஒரே நேரத்தில், முன்கூட்டி வகுத்த சுரவரிசை ஏறக்குறைய எதுவுமின்றி, 37 நிமிடம் இடைவிடாமல் வாசிக்கின்றன. இடப்பக்கம் கோல்மனும் லஃபேரோவும் இருக்கும் குழு, வலப்பக்கம் டால்ஃபியும் ஹப்பர்டும் இருக்கும் குழு. இதைக் கட்டாயம் ஸ்டீரியோவில் கேளுங்கள். முதல் முறை எரிச்சல் வரலாம். அப்போது படி 3இல் செய்ததுபோல், இடக்காதில் லஃபேரோவை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.