ஜிடிஐ வண்டியின் இன்ஜெக்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டறையில் வேலை பழகும் பையன்கள், பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் டிஎஸ்ஐ, ஜிடிஐ வண்டிகளில் கை வைக்கத் தொடங்கியதும் ஒரே மாதிரி இடங்களில்தான் சறுக்குகிறார்கள். நானும் அதே இடங்களைத் தாண்டி வந்தவன் என்பதால் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. நல்ல பங்க்கில் பெட்ரோல் போடு, சர்வீஸைத் தள்ளிப்போடாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய எம்பிஎஃப்ஐ வண்டியில் இன்ஜெக்டர் இன்டேக் பக்கம் உட்கார்ந்து மூன்று, நான்கு பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தெளிக்கும். ஜிடிஐயில் அதன் மூக்கு சிலிண்டருக்குள்ளேயே இருக்கிறது. கேம்ஷாஃப்ட் ஓட்டும் ஹை பிரஷர் பம்ப் 200 பார் வரை அழுத்தம் ஏற்றுகிறது. புதிய இன்ஜின்கள் சிலவற்றில் 350 பார் வரை போகிறது. அதனால் பழைய வண்டியில் வந்த கைப்பழக்கம் இங்கே செல்லாது.

காரணம் தெரியாமல் கழற்றுவது

ஐடிலில் நடுக்கம், மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் தவறுவது) என்று வண்டி வந்தால் உடனே இன்ஜெக்டர் மீது பழி போடுகிறார்கள். முதலில் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். இக்னிஷன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, மிஸ்ஸிங்கும் கூடவே மாறுகிறதா என்று கவனியுங்கள். ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம்மையும் (பெட்ரோல் அளவை இன்ஜின் கம்ப்யூட்டர் எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பது) ரெயில் பிரஷரையும் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயில் உள்ள அழுத்தம்) படியுங்கள். இத்தனையும் சரி என்றால் மட்டும் இன்ஜெக்டர் பக்கம் வரலாம்.

மூக்கில் லேசாகக் கார்பன் படிந்திருந்தால், பிஇஏ என்ற கரி கரைக்கும் ரசாயனம் கலந்த நல்ல கிளீனரைப் பெட்ரோலில் ஊற்றி ஒரு டேங்க் ஓட்டிப் பார்ப்பது, கழற்றுவதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் அது இன்டேக் வால்வைச் சுத்தம் செய்யும் என்று கஸ்டமரிடம் சொல்லிவிடாதீர்கள். ஜிடிஐயில் பெட்ரோல் அந்த வால்வைத் தொடுவதே இல்லை. அங்கே படிந்த கார்பனுக்கு இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் பிளாஸ்டிங் (வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் பீய்ச்சிச் சுத்தம் செய்வது) செய்ய வேண்டும்.

பழைய டெஃப்லான் சீலையே திரும்ப மாட்டுவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வரவழைப்பது இதுதான். இன்ஜெக்டர் மூக்கைச் சுற்றி மெல்லிய டெஃப்லான் வளையம் ஒன்று இருக்கும். சிலிண்டருக்குள் வெடிக்கும் வாயு மேலே ஏறிவிடாமல் தடுப்பது அந்த வளையம். சூட்டில் அது விரிந்து, சிலிண்டர் ஹெட்டில் உள்ள துளையின் அளவுக்கு இறுகிப் படிந்திருக்கும். இன்ஜெக்டரை ஒரு முறை வெளியே இழுத்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. பார்க்க முழுசாக இருக்கும், கையில் உறுதியாகவும் தெரியும். ஆனால் திரும்ப அடைக்காது.

ஒரு 1.0 டர்போ வண்டி எங்களிடம் வந்தது. வேறொரு இடத்தில் இன்ஜெக்டர் கிளீனிங் செய்து சில மாதம்தான் ஆகியிருந்தது. குளிரில் ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று சத்தம், போகப்போக மிஸ்ஸிங். கழற்றப் போனால் இன்ஜெக்டர் அசையவே இல்லை. பழைய வளையத்தில் கிரீஸ் தடவி மாட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டி மேலே ஏறிய வாயு, இன்ஜெக்டர் உடம்பைச் சுற்றிக் கரியாக இறுகி, ஹெட்டோடு சேர்த்துப் பிடித்துவிட்டது. ஸ்லைடு ஹேமர் வைத்து இழுத்தும் ஒன்று உடைந்துதான் வந்தது. சில நூறு ரூபாய் வளையத்தை மிச்சப்படுத்தப் போய், அந்தக் கஸ்டமர் பல ஆயிரம் ரூபாய்க்குப் புது இன்ஜெக்டர் வாங்கினார். வளையம் மாற்ற வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அந்தப் பணத்தைக் கொடுத்திருப்பார்.

சரியான முறை கஷ்டமானதல்ல, பொறுமைதான் வேண்டும். பழைய வளையத்தை வெட்டி எடுக்கும்போது அது உட்காரும் பள்ளத்தில் பிளேடு கீறல் விழக்கூடாது. பள்ளத்தில் உள்ள கரியைச் சுத்தமாக எடுங்கள். ஆனால் மூக்கின் துளைகள் பக்கம் கம்பி பிரஷ் போகவே கூடாது. அந்தத் துளைகள் கெட்டால் தெளிப்பின் வடிவமே மாறிவிடும். ஹெட்டில் உள்ள துளையை நைலான் பிரஷ்ஷால் துடையுங்கள். புது வளையத்தைக் கூம்பு டூல் வழியாகத் தள்ளி ஏற்ற வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கேயே வளையம் பாழ். ஏற்றும்போது அது விரிந்துவிடும் என்பதால், அளவு ஸ்லீவை (வளையத்தை அமுக்கிச் சுருக்கும் குழாய்) மேலே செலுத்தி லேசாகத் திருப்பி, பழைய அளவுக்கு இறக்க வேண்டும். பலர் விட்டுவிடும் படி இதுதான். அதை விட்டால் புது வளையமும் துளைக்குள் நுழையும்போது கிழிந்துபோகும்.

எண்ணெய், கிரீஸ் எதுவும் டெஃப்லானில் படக்கூடாது, காய்ந்தபடியே உள்ளே போக வேண்டும். ரெயில் பக்கத்து ரப்பர் ஓ-ரிங்கில் மட்டும் சுத்தமான இன்ஜின் ஆயிலை மெல்லிசாகத் தடவலாம். பையன்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். டூல் கிட் இல்லாத பட்டறை இந்த வேலையை எடுக்கவே வேண்டாம்.

பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பது

ஈசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) இன்ஜெக்டருக்கு ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்கு 60 வோல்ட் அளவில் கொடுத்து, உடனே கரண்டைக் குறைத்துப் பிடிக்கும். காயிலின் ஓம்ஸ் ரொம்பக் குறைவு. பேட்டரியோடு பிடித்து வைத்தால் வெந்துவிடும். எம்பிஎஃப்ஐக்கான டெஸ்ட் பெஞ்சும் இதற்கு ஆகாது. சில பார் அழுத்தத்தில் தெளிப்பு அழகாகத் தெரிவதை வைத்து, 200 பாரில் எப்படித் தெளிக்கும் என்று சொல்ல முடியாது.

பிரஷரை இறக்காமல் பைப்பில் ஸ்பானர் வைப்பது

அந்த அழுத்தத்தில் பீறிடும் பெட்ரோல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

சிலிண்டர் மாற்றி மாட்டுவது

எந்த இன்ஜெக்டர் எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று கழற்றும்போதே நம்பர் எழுதுங்கள்.

ஹை பிரஷர் பைப்பைத் திரும்பப் போடுவது

பம்புக்கும் ரெயிலுக்கும் நடுவில் வரும் ஸ்டீல் பைப்பை ஒரு முறை தளர்த்தினால் புதிதுதான் போட வேண்டும் என்று பல கம்பெனிகளின் மேனுவல் சொல்கிறது. உங்கள் வண்டிக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நட்டை டார்க் ரெஞ்சில் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பானர்) மட்டும் முறுக்குங்கள்.

டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்க்காமல் விடுவது

ஒழுகும் இன்ஜெக்டர், வண்டி நின்ற பிறகும் சிலிண்டருக்குள் பெட்ரோலைச் சொட்டவிடும். அது பிஸ்டன் ரிங் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுப்பது, டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை, ஆயில் அளவு குறையாமல் ஏறுவது எல்லாம் இதைத்தான் காட்டும். தினமும் கடைத்தெரு வரை மட்டும் போய் வரும் வண்டியிலும் ஓரளவு பெட்ரோல் கலப்பது உண்டு. அதனால் முதலில் ஓட்டும் விதத்தைக் கேளுங்கள். அப்புறம் ரெயில் பிரஷரை ஏற்றி, இன்ஜினை நிறுத்திவிட்டு, அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று ஸ்கேனரில் பாருங்கள். வேகமாக இறங்கினால் அது பம்ப் வால்வா, இன்ஜெக்டரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இன்ஜெக்டர்தான் என்றால் அதைச் சரி செய்த பிறகே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். வெறும் ஆயிலை மாற்றி அனுப்பினால், நீர்த்த ஆயிலில் ஓடும் டர்போவும் பேரிங்கும்தான் அடுத்துப் பழுதாகி வரும்.