போத்தல் உருண்ட தரையில் பிலாட்டீஸ்: புதிய பயிற்றுநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில்தான் (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை) என் முதல் பிலாட்டீஸ் வகுப்பு. மூச்சோடு சேர்த்து, உடம்பைக் கட்டுப்படுத்திச் செய்யும் உடற்பயிற்சி முறை அது. ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் வராத நாள். பாயை விரித்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலைப் பக்கத்தில் படுக்க வைத்தேன். அது தானாக உருண்டு போய்க் கதவடியில் நின்றது. வந்திருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அதை மறந்தேன். எல்லோரையும் மல்லாந்து படுக்க வைத்து, ஒவ்வொருவர் இடுப்பாகப் பார்த்து, "வலப்பக்கம் இறங்கியிருக்கு, நேராக்குங்க" என்று அரை மணி நேரம் திருத்திக்கொண்டிருந்தேன். தரையே வலப்பக்கம் சரிந்திருந்தது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

கொழும்பில் கண்ணாடிச் சுவரும் சமதரையும் உள்ள அறையில் படித்துவிட்டு மலைநாட்டுக்கு ஏறி வரும் பயிற்றுநர்கள் பலர் செய்யும் தவறுகளுக்கு இதுதான் வேர். கையேட்டில் உள்ள படத்தை மனதில் வைத்துக்கொண்டு, எதிரில் கிடக்கும் உடம்பைப் பார்க்காமல் விடுவது. இதன் கிளைகளைத்தான் கீழே எழுதுகிறேன். பெரும்பாலானவற்றை நானே செய்திருக்கிறேன். சரிந்த தரைக்கு மட்டும் இங்கேயே வழி சொல்லிவிடுகிறேன்: போத்தல் ஓடும் திசைக்குக் கால், எதிர்த்திசைக்குத் தலை. சரிவுக்குக் குறுக்கே யாரையும் படுக்க வைக்காதீர்கள்.

ஆறு கொள்கைகளைத் தேவாரம்போல ஒப்புவிப்பது

ஒருமுகப்பாடு, கட்டுப்பாடு, மையம், துல்லியம், தொடரோட்டம், மூச்சு. சோதனைக்கு இதை மனப்பாடம் பண்ணாதவர் இல்லை. ஆனால் இந்த முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் இப்படி ஒரு பட்டியல் போட்டுத் தரவில்லை. 1883இல் ஜேர்மனியில் பிறந்தவர், முதலாம் உலகப் போரில் பிரித்தானியாவின் தடுப்பு முகாமில் இருந்தவர், 1926இல் நியூயோர்க் போய்ச் சேர்ந்தவர். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் கொன்ட்ரோலஜி. 1945இல் வெளியிட்ட நூலில் 34 பயிற்சிகள் இருந்தன. 1967இல் அவர் இறந்துவிட்டார். ஆறு கொள்கைப் பட்டியல் பரவியது 1980இல் வேறு இருவர் எழுதிய நூலுக்குப் பிறகு. வேறு பள்ளிகள் ஐந்து என்றும் எட்டு என்றும் சொல்வார்கள். எண்ணிக்கைக்குச் சண்டை பிடித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு பயிற்சியைக் கொடுக்கும்போது, இதில் எந்தக் கொள்கை உடைகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும். காலை இறக்கும் வேகம் கூடினால் கட்டுப்பாடு போய்விட்டது. முகம் சிவந்தால் மூச்சு போய்விட்டது.

இடுப்பின் நடுநிலையை இடுப்புக்குக் கீழே தேடுவது

இதில்தான் அதிகம் பிழை விடுகிறார்கள். மல்லாந்து படுத்தவரின் இடுப்புக்குக் கீழே கையை நுழைத்துப் பார்த்து, "இடைவெளி கூட, முதுகைத் தரையில் அமத்துங்க" என்பார்கள். பிட்டத்தில் சதை கூடியவருக்கு எலும்பு சரியாக இருந்தாலும் இடைவெளி பெரிதாகத் தெரியும். மெலிந்தவருக்கு இடுப்பு முன்னால் சரிந்திருந்தாலும் இடைவெளி சிறிதாகவே தெரியும். இடைவெளி சதையையும் சேர்த்துக் காட்டுகிறது. நமக்குத் தேவை எலும்பு.

இடுப்பின் முன்பக்கம் இரண்டு புறமும் தட்டுப்படும் எலும்பு முனைகள் இரண்டு. அடிவயிறு முடியும் இடத்தில் நடுவே பூப்பென்பு. உள்ளங்கையின் அடிப்பகுதிகளை அந்த இரு முனைகளிலும், விரல் நுனிகளைப் பூப்பென்பிலும் வைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். படுத்திருக்கையில் அந்த முக்கோணம் தரைக்குச் சமாந்தரமாக இருப்பது நடுநிலை. நிற்கையில் அதே முக்கோணம் சுவரைப் போல நிமிர்ந்து நிற்கும். எலும்பின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இதைக் கோடு போட்டு அளக்க முடியாது. முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு மூன்று தரம் சாய்த்து, உடம்பு தானாக வந்து நிற்கும் நடு இடத்தை அவரே கண்டுபிடிக்கட்டும்.

"பெல்விஸை நியூட்ரலில் வையுங்க" என்று சொல்லி ஒருவரும் வைத்து நான் கண்டதில்லை. "அடிவயித்தில ஒரு கோப்பை தேத்தண்ணி நிக்குது. நெஞ்சுப் பக்கமும் சிந்தக்கூடாது, காலுப் பக்கமும் சிந்தக்கூடாது" என்றேன். எல்லோரும் வைத்தார்கள். சூடான தேத்தண்ணியா என்று ஒருவர் கேட்டார்.

இரண்டு காலையும் தூக்கியதும் இடுப்பு தரையை விட்டு எழும்பினால், அந்தச் சுமை அவருக்கு இன்னும் கூடுதல். முழங்காலை நெஞ்சுக்கு அருகே கொண்டுவாருங்கள், அல்லது ஒரு காலைத் தரையில் விடுங்கள். தொடக்கத்தில் இடுப்பைத் தரையோடு சற்று அமத்தி வேலை செய்வதும் பிழையில்லை. அதையே நிரந்தரமாக்கிவிடுவதுதான் பிழை.

"வயித்த உள்ள இழுங்க"

வகுப்பு முழுவதும் இதைச் சொல்லிக்கொண்டே இருந்த காலம் எனக்கும் உண்டு. கடைசியில் கொழுந்து பறித்து இளைப்பாறிய ஒரு அம்மா கேட்டார்: "என்னா புள்ள, வயித்த இழுத்துக்கிட்டா மூச்சு எங்க போகும்?"

சாதாரண தரத்து விஞ்ஞானத்தில் படித்த பிரிமென்றகட்டை, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் அந்தத் தசையை, நினைத்துப் பாருங்கள். மூச்சை எடுக்கும்போது அது கீழே இறங்கும். அதற்கு இடம் விட வயிறும் விலாவும் விரிய வேண்டும், இடுப்பின் அடித்தளத் தசைகளும் சற்றே தாழ வேண்டும். மூச்சை விடும்போது எல்லாம் மீளும். மேலே பிரிமென்றகடு, கீழே அடித்தளம், சுற்றிவர வயிற்றின் ஆழத்துக் குறுக்குத் தசை, பின்னால் முள்ளந்தண்டை ஒட்டிய சிறு தசைகள் என்று நான்கும் சேர்ந்த பெட்டி அது. வயிற்றை இழுத்துப் பூட்டினால் பெட்டிக்குள் அழுத்தம் கூடி, பலவீனமான பக்கம் தள்ளும். இருமினால் சிறுநீர் கசியும் பெண்களுக்கு அது எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தக் கட்டளைக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1996இல் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இரண்டு ஆய்வாளர்கள், இடுப்புவலி உள்ளவர்கள் கையை அசைக்கும்போது அந்த ஆழத்துக் குறுக்குத் தசை தாமதமாக வேலை தொடங்குகிறது என்று கண்டார்கள். அதிலிருந்து, அந்த ஒரு தசையை எந்நேரமும் இழுத்துப் பிடித்தால் முதுகு காப்பாற்றப்படும் என்ற நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியது. ஆய்வு பேசியது நேரம் தப்புவதைப் பற்றி. வகுப்புகளில் அது இறுக்கிப் பிடிப்பதாக மாறிவிட்டது.

எங்கள் பெண்களுக்கு இது இன்னும் பொருந்தாது. காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம்) போகும்போதே இடுப்பில் படங்கு என்ற தடித்த விரிப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். தேயிலை வாதுகளும் பனி ஈரமும் படாமல் இருக்க அது வேண்டும். ஆனால் நாள் முழுக்க வயிறு அசைய இடமில்லை. மூச்சு நெஞ்சின் உச்சியிலும் கழுத்திலும் ஏறிக்கொள்கிறது. அப்படிப்பட்டவர் பாயில் படுத்ததும் நாம் இன்னொரு படங்கைக் கட்டிவிடுகிறோம்.

முதலில் அவிழ்க்க வேண்டும். இரண்டு கையையும் விலாவின் பக்கங்களில் வைத்து, மூச்சு கையைத் தள்ளுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விடும்போது அடுப்பை ஊதுகுழலால் ஊதுவது போல, மெல்லியதாக, நீளமாக. ஊதி முடியும் தறுவாயில் அடிவயிறு தானாக உள்ளே சேரும். அந்த அளவு பிடிப்பு இலகுவான பயிற்சிகளுக்குப் போதும். சுமை கூடினால் பிடிப்பும் கூடட்டும், குறைந்தால் குறையட்டும்.

'ஹண்ட்ரட்' என்ற பயிற்சியில் ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சை எடுத்து ஐந்துக்கு விட்டுப் பத்துச் சுற்றுப் போவார்கள். நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் புதியவர்களுக்கு மூச்சு வாங்கும் என்று ஒருவர் என்னை எச்சரித்தார். உண்மைதான். கீழேயிருந்து வந்த எனக்குத்தான் வாங்கியது, அந்தப் பெண்களுக்கு வாங்கவில்லை.

கூடை தூக்கிய கழுத்து

கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில்தான் தங்கும். இப்போது பல இடங்களில் கூடைக்குப் பதில் பை வந்துவிட்டது, ஆனால் தலையில் மாட்டும் பழக்கம் போகவில்லை. சுமை தலையைப் பின்னுக்கு இழுக்க, உடம்பு முன்னுக்குக் குனிந்து அதைச் சமாளிக்கிறது. வருடக்கணக்கில் இப்படி நடந்தவருக்கு மேல்முதுகு வளைந்திருப்பது பெரிய ஆச்சரியமில்லை.

அவரை மல்லாந்து படுக்க வைத்து, "தலையத் தரையில வைங்க" என்றால் என்ன நடக்கும்? மேல்முதுகின் வளைவு தரையில் படியாது. தலை தரையைத் தொட வேண்டுமென்றால் கழுத்து பின்னுக்கு மடிய வேண்டும், நாடி கூரையைப் பார்க்கும். என் வகுப்பில் ஒருவருக்குத் தலை சுற்றியதே இதனால்தான். ஒரு துவாயை மடித்துத் தலைக்குக் கீழே வையுங்கள். நெற்றியும் நாடியும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை மடிப்பைக் கூட்டுங்கள். சிலருக்கு இரண்டு துவாய் தேவைப்படும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

தலையைத் தூக்கும் பயிற்சிகளில் எதிர்ப்பக்கத் தவறு வரும். நாடியை நெஞ்சோடு அமுக்கி, ஏழு கழுத்து எலும்புகளை மட்டும் மடிப்பார்கள். மனிதத் தலை 4.5 முதல் 5 கிலோ வரை வரும். அதை முன்கழுத்துத் தசைகளின் மேல் மட்டும் தொங்கவிட்டால் நோகத்தான் செய்யும். நாடிக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு கைமுட்டி அளவு இடம் விட்டு, விலாக்கள் பொருத்திய பன்னிரண்டு எலும்புகள் உள்ள மேல்முதுகிலிருந்து சுருண்டு வர வேண்டும். கழுத்து களைத்தால் தலையைக் கீழே வைத்துவிட்டு மிச்சத்தைச் செய்யலாம். வயிற்றுக்கான வேலை அதனால் நின்றுவிடாது.

தோளை ஆணி அடிப்பது, வேறு சில

"தோளைக் கீழே! கீழே!" என்று கத்துவது இன்னொரு தொற்று நோய். கையைத் தலைக்கு மேலே 180 பாகை தூக்கும்போது, அதில் ஏறக்குறைய 60 பாகை தோட்பட்டை என்பு மேல்நோக்கிச் சுழல்வதால் கிடைக்கிறது. அதைக் கீழே இழுத்துப் பிடித்தால் கை பாதியில் நிற்கும். நிற்காவிட்டால் முதுகை வளைத்து, விலாவைத் துருத்தி மிச்சத்தை எடுத்துக்கொள்வார்கள். தோள் காதோடு ஒட்டாமல் இருந்தால் போதும், கையோடு சேர்ந்து ஏற விடுங்கள்.

இரண்டு காலையும் நீட்டித் தரைப்பக்கம் இறக்குவதை வயிற்றுப் பயிற்சி என்று சொல்லிக் கொடுப்பதும் அப்படித்தான். காலைத் தாங்கும் முக்கியத் தசையொன்று இடுப்பு முள்ளந்தண்டின் பக்கங்களில் தொடங்கித் தொடையென்பின் உட்புறத்தில் முடிகிறது. வயிறு தோற்றுவிட்டால் அது முள்ளந்தண்டை முன்னுக்கு இழுக்கும். நடுவயிறு கூரை போல மேலெழும்பினாலும் அதே சமிக்ஞை. உடனே முழங்காலை மடிக்கச் சொல்லுங்கள். பிள்ளை பெற்ற பெண்களிடம் இதைக் கட்டாயம் பாருங்கள்.

தெரியாத இடத்தில் கை வைப்பது

நீங்கள் பயிற்றுநர், வைத்தியர் இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களில் சிலருக்கு எலும்பு மெலிந்திருக்கும், அவர்களுக்கே அது தெரியாது. முன்னரைவிடக் குள்ளமாகிவிட்டேன் என்பவரையும், விழாமலே நடுமுதுகில் திடீர் வலி வந்தவரையும் பரிசோதிக்க அனுப்புங்கள். உருளுவது, குனிந்து சுருண்டு எழும்புவது போன்றவை முள்ளந்தண்டு எலும்பின் முன்பக்கத்தில் அழுத்தத்தை ஏற்றுவதால் அவர்களுக்கு வேண்டாம். குப்புறப் படுத்து மெல்ல முதுகை நிமிர்த்துவது, பக்கவாட்டில் படுத்துக் கால் வேலை, நின்று செய்பவை என்று மாற்றிக்கொள்ளலாம். கர்ப்பிணிகளை முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு நெடுநேரம் மல்லாத்திப் படுக்க வைக்காதீர்கள்.

முதுகுவலியோடு தொடையின் உட்புறமும் மறைவிடமும் மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பது அல்லது அறியாமல் போவது, கால் சோர்வது இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். "நாளைக்குப் பேர் விழாது, பிறகு போறேன்" என்பார்கள், அன்றைய சம்பளம் போய்விடும் என்ற பயத்தில். பேருந்துக் காசைக் கொடுத்தாவது அனுப்புங்கள்.

கூடவே படுத்துச் செய்வது

ஒரு தரம் செய்து காட்டுங்கள், பிறகு எழும்பிவிடுங்கள். நீங்களும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் பத்துப் பேரின் கழுத்தை யார் பார்ப்பது? கால்மாட்டிலிருந்து ஒரு தரம், பக்கத்திலிருந்து ஒரு தரம் நடந்து பாருங்கள். கால்மாட்டிலிருந்து இடுப்பின் சாய்வு தெரியும், பக்கத்திலிருந்து நாடியும் விலாவும் தெரியும்.

தொடுவதற்கு முன்னால் கேளுங்கள். "தொட்டுப் பாக்கவா அக்கா?" என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள், மரியாதைக்காகவும் சொல்வார்கள். அதனால் இப்போது நான் பெரும்பாலும் தொடுவதில்லை. அவருடைய கையை அவருடைய எலும்பிலேயே வைக்கச் சொல்கிறேன். கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆனால் அடுத்த வாரம் வரும்போது, இரவில் இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணை) பாயைப் போட்டுப் படுத்து அந்த முக்கோணத்தைத் தேடியதாகவும், பக்கத்து வீட்டுக்காரிக்கும் காட்டிக் கொடுத்ததாகவும் ஒருவராவது சொல்வார்.