மெக்ரிட்சி காட்டுச் சுற்று: பாலத்தின் நேரத்திலிருந்து திட்டமிடுங்கள்

சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பூங்காவில் தொடங்கி, ட்ரீடாப் வாக் தொங்குபாலத்தைக் கடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுற்று 10 முதல் 11 கிலோமீட்டர். இதே தூரத்தைச் சாலையில் இரண்டரை மணி நேரத்தில் நடப்பவருக்கும் இங்கே நாலு மணி நேரம் ஆகும். குழந்தைகளோடு என்றால் ஐந்து. வேர்களும் கற்களும் ஏற்ற இறக்கமும் வேகத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆளை அசத்துவது புழுக்கம். மரங்களுக்கு அடியில் வெயிலும் விழாது, காற்றும் நுழையாது; வியர்வை காயாததால் உடம்பின் சூடு இறங்காது. நகரத்துக்கு நடுவில்தானே இருக்கிறது என்று அரை லிட்டர் பாட்டிலோடு வருபவர்கள் பாதி வழியிலேயே தலை கிறுகிறுத்து உட்கார்ந்துவிடுவது இதனால்தான்.

முதலில் பாலம் திறந்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். செவ்வாய் முதல் வெள்ளி வரை காலை 9 முதல் மாலை 5 வரை. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் காலை 8.30 முதல் 5 வரை. கடைசி அனுமதி 4.45. திங்கட்கிழமை, அது பொது விடுமுறையாக இல்லாவிட்டால், மூடியிருக்கும். பராமரிப்புக்காகவும் மூடுவார்கள், முந்தைய இரவே தேசியப் பூங்காக் கழகத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். கட்டணம் கிடையாது.

பூங்காவிலிருந்து பாலத்துக்குப் போய்ச்சேர நிதானமான நடையில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். அப்படியென்றால் வார நாளில் 7.30க்குப் புறப்பட்டால் போதும். சனி, ஞாயிறில் 7 மணிக்கே கிளம்புங்கள். கொஞ்சம் தாமதித்தாலும் பாலத்தில் வரிசை கட்டி நிற்க வேண்டிவரும். மதியத்துக்கு முன் முடிக்க இன்னொரு காரணமும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். காலையிலேயே வானம் இருண்டிருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மழை, மின்னல் எச்சரிக்கைகளை மைஇஎன்வி செயலியில் பார்க்கலாம். மழையில் பாலத்தை மூடிவிடுவார்கள்; காற்றடிக்கும்போது பட்ட கிளைகள் முறிந்து விழும் ஆபத்தும் உண்டு.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதில் ஒரு பகுதியில், உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் தூளைப் பொட்டலத்தில் எழுதியுள்ள அளவுப்படி கரைத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்புவதில்லை. கெண்டைக்காலும் பிடித்துக்கொள்ளலாம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து மடக்கு குடியுங்கள். காலணிக்கு மலையேற்றப் பூட்ஸ் தேவையில்லை; அடிப்பாகம் தேயாத ஓட்டக் காலணி போதும். தேய்ந்த காலணி மண்பாதையில் சமாளித்துவிடும். ஈரமான பலகைப் பாதையில் பாசி வழுக்கும்போதுதான் காலை வாரிவிடும். பருத்திச் சட்டை நனைந்தால் காயாது, உரசித் தோலைப் புண்ணாக்கும். சீக்கிரம் காயும் துணியே நல்லது. கொசு மருந்தைக் கணுக்காலிலும் தடவிக்கொள்ளுங்கள்.

எம்ஆர்டி ரயிலில் வருபவர்களுக்கு கால்டகாட், மேரிமவுண்ட் இரண்டு நிலையங்களும் நடக்கிற தூரம்தான். பூங்காவிலேயே கழிப்பறை, குளியலறை, பொருள் வைக்கும் பெட்டகம் எல்லாம் உண்டு. மாற்றுத் துணியை அங்கே வைத்துவிட்டுக் கிளம்பலாம். மெக்ரிட்சி பாதையைப் பிடித்து ரேஞ்சர் ஸ்டேஷன் (வனக் காவலர் நிலையம்) என்ற அறிவிப்புகளைப் பின்தொடருங்கள். அந்த நிலையத்தில் கழிப்பறையும் குடிநீரும் உண்டு. பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள்; திரும்பும் வழியில் வேறு இடத்தை நம்ப வேண்டாம்.

நிலையத்துக்குப் பிறகு பாலம்வரை நல்ல ஏற்றம். சின்ன அடியாக வைத்து, மூக்கால் மூச்சு விட முடிகிற வேகத்தில் ஏறுங்கள். 2004இல் திறந்த இந்தப் பாலத்தின் நீளம் 250 மீட்டர். மிக உயர்ந்த இடத்தில் காட்டுத் தரையிலிருந்து 25 மீட்டர். இந்தப் பகுதியின் இரண்டு உயரமான மேடுகளை, புக்கிட் பியர்ஸையும் புக்கிட் காலாங்கையும், இது இணைக்கிறது. அகலம் ஒருவர் போகத்தான். ஒருவழிப் பாதை என்பதால் பாதியில் திரும்ப முடியாது. உயரம் ஆகாதவர்கள் ஏறும் முன்பே முடிவெடுக்க வேண்டும். மரங்களின் தலையைக் கண்ணுக்கு நேரே பார்க்கும் வாய்ப்பு இந்த ஊரில் அபூர்வம்; பின்னால் வருபவரை மறிக்காமல் மெதுவாகவே கடந்து செல்லுங்கள். மறுகரையில் பெட்டாலிங் பலகைப் பாதையின் படிகள் மீண்டும் ரேஞ்சர் ஸ்டேஷனுக்கு இறக்கிவிடும். அத்தனை படிகளிலும் முழங்கால் நோவது வேகமாக இறங்குபவர்களுக்குத்தான். திரும்பும்போது சைம் பாதையில் போய் ஜெலுத்தோங் கோபுரத்தில் ஏறி நீர்த்தேக்கத்தைப் பார்த்துவிட்டு, கரையோரமாக பெட்டாய், புரூனஸ் பலகைப் பாதைகளில் வரலாம். போன வழியே திரும்புவதைவிட இது பல மடங்கு அழகு.

குரங்குகளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தகராறு பெரும்பாலும் அவற்றோடுதான். நீண்டவால் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்று மனிதர்கள்தான் பழக்கிவைத்தார்கள். உள்ளே துண்டு மட்டுமே இருந்தாலும் பறிக்க வரும். அதனால் கையில் பை வேண்டாம். எல்லாமே முதுகுப்பைக்குள், ஜிப் மூடியபடி. நடந்துகொண்டே பிஸ்கெட் தின்னாதீர்கள். குரங்கு நெருங்கினால் கண்ணுக்குக் கண் பார்க்காமல், பல்லைக் காட்டாமல், ஓடாமல், அதற்கு முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போய் நிற்காதீர்கள். காட்டு விலங்குக்கு உணவு கொடுத்தால் முதல்முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். கடி, கீறல் பட்டால் சோப்பு நீரில் நன்றாகக் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

பலகைப் பாதையின் கைப்பிடியைப் பிடிக்கும் முன் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். தாழ்ந்த கிளைகளில் அசையாமல் கிடக்கும் விரியன் வகைப் பாம்புகள் இந்தக் காட்டில் உண்டு. மரத்தண்டுகளையும் பார்த்தபடியே நடங்கள். பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும் கொலுகோவை, மரம் விட்டு மரம் சறுக்கிப் பறக்கும் சிறு விலங்கை, பகலிலும் காணலாம். நாய், மிதிவண்டி இரண்டுக்கும் காட்டுப் பாதைகளில் அனுமதி இல்லை. 1868இல் நீர்த்தேக்கம் அமைந்தபின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று காத்ததால்தான் இந்தக் காடு மிஞ்சியிருக்கிறது. பாதையை விட்டு ஒருவர் இறங்கினால் அடுத்தவரும் அதே தடத்தில் இறங்குவார், மண் அரிக்கும், வேர் வெளியே வரும்.

வழியில் ஒருவருக்கு உடம்பு கொதித்து, பேச்சு குழறினால், வியர்வை நிற்காவிட்டாலும் அது வெப்பவாதமாக இருக்கலாம். நிழலில் படுக்கவைத்து, கழுத்திலும் அக்குளிலும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்குக் குடிக்கக் கொடுக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைத்து, கடைசியாகக் கடந்த பலகையில் இருந்த பாதையின் பெயரைச் சொல்லுங்கள். வெறும் களைப்புதான் என்றால் ரேஞ்சர் ஸ்டேஷனிலிருந்து ஐலண்ட் கிளப் சாலை வழியாக அப்பர் தாம்சன் சாலைக்கு நடந்து பேருந்து பிடிக்கலாம். மிச்ச தூரத்தை இன்னொரு நாள் நடக்கலாம்.