தரவையில் சாம்பல்தலை வானம்பாடியைத் தேடும் முறை

சாம்பல்தலை வானம்பாடி என்ற இந்தச் சிறு குருவியைக் கொழும்பில் தேடிப் பயனில்லை. ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை விழும் இடத்தில் புல் அடர்ந்து உயர்ந்துவிடும். இதற்கு வேண்டியதோ மண் தெரிகிற வறண்ட வெளி, கணுக்காலைத் தாண்டாத புல். கல்பிட்டி, மன்னார், அம்பாந்தோட்டைப் பக்கத்துத் தரவைகளில், அதாவது திறந்த புல்வெளிகளில், பாருங்கள். முதல் தடவைக்கு மன்னார்த் தீவே நல்லது. மாடும் கழுதையும் அங்கே புல்லை ஒட்டக் கறித்து வைத்திருக்கும்.

முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள். விடியக் கொழும்புப் புறக்கோட்டையில் பஸ் ஏறினால், போய்ச் சேரும்போது கானல் எழுந்திருக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு விலையான பைனாகுலரிலும் உருவம் நடுங்கும். 8×42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்குவது, முன்வில்லை 42 மி.மீ.) போதும்.

நிலத்தைத் துழாவாமல் வானத்தைப் பாருங்கள். இனப்பெருக்க காலத்தில் ஆண் குருவி சிறகடித்து மேலேறி, சிறகை மூடித் தலைகீழாகப் பாயும். பாய்ந்த வேகத்திலேயே மீண்டும் எழும்பும். இப்படிப் பலமுறை. பாயும்போது நீண்ட சீழ்க்கை கேட்கும். கடைசியில் ஒரு மண்கட்டியிலோ கல்லிலோ இறங்கும். அந்த இடத்தைக் கண்ணால் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதை நோக்கி நேரே நடப்பதுதான் வழக்கமான தவறு. குருவி மாட்டுக் குளம்புத் தடத்தில் பதுங்கிவிடும். முதுகு மண் நிறம், கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது. தள்ளியே குந்திக்கொண்டு அசையாமல் இருந்தால், வளைந்து வளைந்து ஓடி விதை பொறுக்கத் தொடங்கும்.

ஆணை அடையாளம் காண்பது சுலபம்: சாம்பல் உச்சி, வெள்ளைக் கன்னம், கறுத்த வயிறு. பெண்தான் ஆளை ஏமாற்றும். மங்கிய மண்ணிறம், தடித்த கட்டைச் சொண்டு, சிட்டுக்குருவியின் அளவு. ஆனால் சிட்டுக்குருவி தத்தும், இது நடக்கும். தரையில் நடந்து திரியும் இன்னொரு மண்ணிறக் குருவியான நெட்டைக்காலி என்றால் சொண்டு மெல்லியது, காலும் வாலும் நீளம். அதைக் கொழும்பைச் சுற்றிய வயல்களிலும் பார்க்கலாம்.

கூடு என்பது புல்குத்தின் ஓரத்தில் ஒரு சிறு பள்ளம், சில வேளை விளிம்பில் பொடிக்கற்கள். 2 அல்லது 3 முட்டை. சொண்டில் பூச்சியோடு குருவி இறங்காமல் சுற்றினால் குஞ்சுகள் உங்கள் காலடிக்குப் பக்கத்தில்தான். வந்த தடத்திலேயே திரும்புங்கள். படத்துக்காகப் புல்லை விலக்கினால் நிழல் போய்விடும். காகத்துக்கும் இடம் தெரிந்துவிடும்.